குடற்காயமும் நரம்பின் துணையும்

உடலின் மேற்புறத்துக் காயத்தை நாம் கண்ணால் காணலாம். அசையாமல் கட்டியும் வைக்கலாம். குடற்காயத்திற்கோ அவ்வசதி இல்லை. தைத்து மூடிய வயிற்றினுள், ஓயாத அசைவுக்கிடையே அது ஆறியாக வேண்டும். ஆறாமல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இவ்வாபத்தை வெல்ல மனிதர் முதலில் நம்பியது தையலை; நரம்பின் பங்கு புலப்பட்டது மிகப் பின்னரே. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

நம் நாட்டின் பழைய மருத்துவ நூலாகிய சுச்ருத சம்ஹிதை, கிழிந்த குடலின் விளிம்புகளைச் சேர்த்துக் கரிய எறும்புகளைக் கடிக்கச் செய்து, தலையை மட்டும் விட்டு உடலைக் கிள்ளி நீக்கும் முறையைக் கூறுகிறது. ஐரோப்பாவில் 1826ஆம் ஆண்டு பாரிஸ் மருத்துவர் லாம்பேர், குடலின் வெளிப்படலங்கள் ஒன்றையொன்று தொடுமாறு தைக்கும் முறையை வகுத்தார். 1887இல் அமெரிக்கரான ஹால்ஸ்டெட், தையலைத் தாங்கும் வலிமை உட்சவ்வின் அடியிலுள்ள நார்ப்படலத்திலேயே இருக்கிறது என்று நாய்களிடம் சோதித்து நிறுவினார்.

அந்தப் படலத்திலேயே ஒரு நரம்பு வலை இருப்பதை 1857இல் ஜெர்மானியரான மெய்ஸ்னர் விவரித்திருந்தார். தசை அடுக்குகளுக்கிடையே இன்னொரு வலையை 1860களில் ஆவர்பாக் கண்டார். 1899இல் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும், வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்த பின்னும் குடல் தன் உள்ளீட்டை முறையாக முன்தள்ளுவதை மெய்ப்பித்தனர். மூளையின் ஏவலை எதிர்பாராமல் இயங்கும் நரம்பாட்சி குடலுக்குள்ளேயே உண்டு என்பது அதனால் தெளிவாயிற்று.

அறுவைக்குப் பின் குடல் ஏன் அசைவற்றுக் கிடக்கிறது? 1906இல் அமெரிக்கரான கானன், மர்பி இருவரும் எக்ஸ்ரே வழியே ஆராய்ந்தனர். ஈதர் மயக்கத்தைவிடக் குடலைக் கையாளுவதே பெரிய காரணம் எனக் கண்டனர். கைபட்ட குடலை முதலில் பரிவு நரம்புகள் அடக்குகின்றன. பின்னர்த் தசையில் எழும் அழற்சி அந்நிலையை நீட்டிக்கிறது. பொதுவாகச் சிறுகுடல் ஒரு நாளிலும், பெருங்குடல் இரண்டு மூன்று நாட்களிலும் விழித்துக்கொள்ளும்.

இதே நாட்களில்தான் இணைப்பு மிகவும் வலுவிழந்திருக்கிறது. விளிம்பிலுள்ள பழைய நார்ப்புரதம் கரைகிறது. புதியது இன்னும் போதிய அளவு சேரவில்லை. அப்போது தேவையான பிராணவாயுவைக் கொண்டுவருவது இரத்தம். வலியும் நீர்க்குறைவும் பரிவு நரம்புகளைத் தூண்டினால் குடலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். உணர்ச்சி நரம்புகளின் நுனிகள் சுரக்கும் பொருள்களோ அக்குழாய்களை விரிக்கின்றன. அழற்சி இன்றிக் காயம் ஆறாது. மிகுந்தாலோ திசுவை அரிக்கும். வேகஸ் நரம்பின் அசிட்டைல்கோலின் அதை மட்டுப்படுத்த வல்லது என 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிரேசி குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று.

இவ்வறிவு மருத்துவமனையிலும் பயன் தந்தது. டென்மார்க்கின் கெலெட் 1990களில் வகுத்த முறையில், தண்டுவடத்தருகே மருந்து செலுத்தி வலியை அடக்குவதும், நோயாளியை விரைவில் உண்ணவும் நடக்கவும் செய்வதும் இடம்பெற்றன. அறுவைக்குப் பின் மருத்துவர், “வாயு பிரிந்ததா?” என்று வினவும்போது கூச்சப்பட வேண்டுவதில்லை. வயிற்றைத் திறவாமலே குடல் நரம்புகளின் நலத்தை அவர் விசாரிக்கிறார். உள்ளதை உள்ளபடி சொல்வதே நாம் அவருக்குச் செய்யும் உதவி.