கதவில் ஒட்டப்படும் கடன்: இராமநாதபுரக் கரையோரத்தில் வீட்டுக்கடன் பாக்கியும் அந்தரங்க உரிமையும்

அடமானம் எந்தக் காலத்திலும் முழு ரகசியமாக இருந்ததில்லை. 1889இல் ஜமீன்தாராகப் பொறுப்பேற்ற பாஸ்கர சேதுபதியின் கடன் பெருகி, 1890களில் இராமநாதபுரம் ஜமீனே அறங்காவலர் பொறுப்புக்குப் போனது ஊரறிந்த சங்கதி. இன்றைய வீட்டுக்கடனும் அப்படித்தான். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான குறிப்பாணையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று தமிழ்நாடு 2012இல் சட்டத்தைத் திருத்தியது. அதன்பின் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கும் எவருக்கும் அடமானம் தெரிந்துவிடும். ஆனால் எத்தனை தவணை நின்றது, ஏன் நின்றது, ஜாமீன் போட்டவர் யார் என்பதெல்லாம் வில்லங்கத்தில் வராது. அடமானம் ஊருக்குத் தெரியும் என்பதாலேயே பாக்கியும் ஊருக்குத் தெரியலாம் என்று வாதிடுவோர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வங்கி ரகசியம் பற்றிய மூலத் தீர்ப்பே ஒரு சிறு கடனாளியைப் பற்றியதுதான். 1924இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த டூர்னியர் வழக்கில் பாக்கி பத்துப் பவுனுக்கும் குறைவு. தவணை தவறியவரின் முகவரி கேட்டு அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசிய மேலாளர், கடனையும் பந்தயச் சூதாட்டம் பற்றிய தம் சந்தேகத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டார். கடனாளிக்கு அந்த வேலை நீடிக்கவில்லை. சட்டத்தின் கட்டாயம், பொதுநலக் கடமை, வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளரின் சம்மதம் என்ற நான்கு விலக்குகளை அந்த வழக்கு தந்தது. மூன்றாவது விலக்கு எதுவரை நீளும் என்பதில்தான் நமக்கும் சிக்கல்.

2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் நீதிமன்றப் படி ஏறாமலே வீட்டைக் கைப்பற்ற வங்கிக்கு வழிசெய்தது. முதலில் அறுபது நாள் கெடுவுடன் கேட்பு அறிவிப்பு. அதற்கும் பணம் வராமல் வங்கி வீட்டைக் கையகப்படுத்தினால், சுவாதீன அறிவிப்பை வீட்டின் வெளிக்கதவில் ஒட்ட வேண்டும். ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில், ஒன்று வட்டார மொழியில், வெளியிடவும் வேண்டும். கடனாளியின் பெயர், தொகை, சொத்தின் எல்லைகள் எல்லாம் அதில் உண்டு. இதன் நோக்கம், அந்தச் சொத்தை வேறு யாரும் அறியாமல் வாங்கி ஏமாறக் கூடாது என்பதே. விதிகள் தரும் படிவத்தில் நிழற்படத்துக்கு இடமில்லை.

ஆனாலும் 2006இல் கே. ஜே. துரைசாமி எதிர் பாரத ஸ்டேட் வங்கி வழக்கில், பாக்கிதாரரின் படத்தை வங்கி வெளியிடுவதைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. கட்டாமலிருக்கக் கடனாளி புதுப்புது வழி தேடும்போது வசூலிக்க வங்கியும் புதுவழி தேடலாம் என்பது அதன் போக்கு. எனக்கு இது உடன்பாடில்லை. இந்த வாதம் ஒவ்வொரு பாக்கிதாரரையும் தந்திரக்காரராக எண்ணிக்கொள்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2013இல் எதிர்த்திசையில் தீர்ப்பளித்தது. 2024இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் பாக்கிதாரர் படங்களைப் பொது இடத்தில் வைத்ததையும் தடுத்தது. நடுவே 2016இல், வேண்டுமென்றே கட்டாதவர் என முறைப்படி அறிவிக்கப்பட்டோரின் படத்தை மட்டுமே வெளியிடலாம் என ரிசர்வ் வங்கி வரம்பு கட்டியது. அந்தப் பட்டியலுக்குள் வர 25 லட்ச ரூபாய் பாக்கியாவது இருக்க வேண்டும். பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ படகுக்காரர் வீட்டுக்கடன் அந்த அளவை எட்டுவது அரிது.

அந்தக் கரையில் பாக்கி எப்படி விழுகிறது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்குள் இரண்டு தவணை நின்றுவிடும். படகு இலங்கைக் கடற்படையிடம் சிக்கினால் மூன்றாவதும் போகும். 90 நாள் கட்டாவிட்டால் கணக்கு வாராக்கடன். கடலின் நாள்காட்டி வேறு, வங்கியின் நாள்காட்டி வேறு. இப்படி விழுந்த பாக்கியைப் புரட்டு என்று ஊர் படிக்கும்படி செய்வது வசூலும் அல்ல, எச்சரிக்கையும் அல்ல. கீழக்கரையில், வளைகுடாவில் இருக்கும் மகன் பெயரில் கடன், வீட்டில் தாய் என்றால், கதவு அறிவிப்பு முதலில் சுடுவது கடன் வாங்காதவரைத்தான். வசூல் முகவர்கள் பொது இடத்தில் அவமதிக்கவோ குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் நுழையவோ கூடாது என ரிசர்வ் வங்கி 2022இல் சொன்னது. கதவுக்கு அப்படியொரு விதி இல்லை.

நாளிதழ் மறுநாள் பழந்தாளாகிவிடும், இணையம் அப்படியல்ல. கைப்பற்றிய சொத்துகளின் விவரத்தைக் கடனாளி, ஜாமீன்தாரர் பெயரோடு வங்கிகள் தம் இணையதளத்தில் இட்டு மாதந்தோறும் புதுப்பிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் உத்தரவு. கடன் தீர்ந்தபின் வங்கிப் பக்கத்திலிருந்து பெயரை எடுத்துவிடலாம். ஏலத் தளங்கள் நகலெடுத்ததை யார் எடுப்பது?

2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக்கி, அதில் குறுக்கிட மூன்றைக் கேட்டார்கள்: சட்ட அதிகாரம், நியாயமான நோக்கம், நோக்கத்துக்கேற்ற அளவு. துரைசாமித் தீர்ப்பு முதலாவதிலேயே இடறுகிறது, படத்தை வெளியிடச் சொல்லும் சட்டம் இல்லையே. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தவணை தவறியவரின் சொத்து, கடன் விவரங்களைக் கண்டறிய வங்கிக்கு விலக்களிக்கிறது. வங்கிகள் இதைப் பரந்த அனுமதியாக வாசிக்க முனையலாம். ஆனால் அந்தப் பிரிவு கண்டறிவதற்கு, அதுவும் பிற சட்டங்களின் வெளியீட்டு விதிகளுக்கு உட்பட்டு, தரப்பட்டது. கண்டறிந்ததை ஊருக்குப் பரப்ப அதில் இடமில்லை. தரவைப் பாதுகாக்கும் கடமையும் விலக்குக்கு வெளியே அப்படியே நிற்கிறது.