பிறர் விட்ட புகை



'உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்' என்பது நம் முன்னோர் வாக்கு. ஒருவன் உப்பைத் தின்ன, அருகிலிருப்பவர் நாவறண்டு தவிப்பதும் உண்டோ? புகையிலையைப் பொறுத்தவரை உண்டு. அதனை உலகம் உணர்ந்த வரலாற்றையே இன்று கூறப் புகுகின்றேன்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், 1604இல் புகையிலையைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். கணவனின் புகையால் மனைவி படும் துன்பத்தையும் அதில் குறிப்பிட்டார். எனினும், நெடுங்காலம் அது நாற்றம், அருவருப்பு என்ற அளவிலேயே பெரும்பாலும் எண்ணப்பட்டது.

அஃது உயிரைக் குடிக்கும் தீங்கு என்று எண்களால் காட்டியவருள் முதன்மையானவர், தோக்கியோவில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்துவந்த தக்கேஷி ஹிராயாமா. அக்கால ஜப்பானில் ஆண்களுள் பெரும்பாலோர் புகைத்தனர். பெண்களுள் சிலரே புகைத்தனர். ஆகவே இவ்வாராய்ச்சிக்கு அந்நாடு தக்க களமாயிற்று. நாற்பதும் அதற்கு மேலும் வயதுடைய, புகைக்காத மனைவியர் 91,540 பேரை 1966 முதல் 14 ஆண்டுகள் அவர் கண்காணித்தார்; 1981இல் முடிவை வெளியிட்டார். புகைக்காதவரின் மனைவியரைவிட, நாள்தோறும் இருபதும் அதற்கு மேலும் சிகரெட் புகைத்தவரின் மனைவியர் நுரையீரல் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. கணவன் புகைத்த அளவு ஏற ஏற, மனைவிக்கு நேரும் ஆபத்தும் ஏறியது.

கணக்கில் பிழையென்று புகையிலை வணிகர் வாதிட்டனர். ஆனால், அவர்களைச் சார்ந்த அறிஞருள் சிலரே அம்முடிவு சரியென ஒப்பியிருந்தமை, பின்னாளில் வெளிவந்த அவர்தம் ஆவணங்களால் புலனாயிற்று. 1986இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கையும் இத்தீங்கை உறுதி செய்தது. நம் நாட்டில் 1999இல் கேரள உயர் நீதிமன்றமும், 2001இல் உச்ச நீதிமன்றமும் பொதுவிடங்களில் புகைப்பதைத் தடுத்தன. 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் அதற்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன.

ஆயினும் ஒன்றைக் கருதுங்கள். சட்டம் பேருந்திலும் பள்ளியிலும் காவல் நிற்கும். நம் வீட்டு வாயிலைத் தாண்டி உள்ளே வாராது. ஹிராயாமா கணக்கெடுத்த பெண்கள் கணவரின் புகையை உட்கொண்டதோ வீட்டினுள்ளேதான். அங்கே தாயையும் தொட்டிற் குழந்தையையும் காப்பவர் யார்? புகைக்கும் தந்தையிடமோ தமையனிடமோ பணிவுடன் எடுத்துரைத்தல் மரியாதைக் குறைவு ஆகாது. அது நீங்கள் குடும்பத்திற்குச் செய்யும் தொண்டேயாகும்.