கடல் திருப்பிக் கொடுத்த சக்கரக்கால்

1935 நவம்பர் 8ஆம் தேதி, அந்தமான் கடலைக் கடந்து, மலாய்த் தீபகற்பத்தின் வழியாகச் சிங்கப்பூர் போயிருக்க வேண்டிய ஒரு சிறிய விமானம் வரவே இல்லை.

அதன் பெயர் லேடி சதர்ன் கிராஸ். லாக்ஹீட் ஆல்டேர் வகை, ஒற்றை எஞ்சின். ஓட்டியவர் சர் சார்லஸ் கிங்ஸ்போர்டு ஸ்மித், வயது 38. 1928இல் பசிபிக் பெருங்கடலை முதன்முதலாக விமானத்தில் கடந்து பெயர் வாங்கியவர். துணைக்கு டாமி பெத்திபிரிட்ஜ். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு யார் முந்துவது என்று விமானிகள் உயிரைப் பணயம் வைத்த காலம் அது. நவம்பர் 6ஆம் தேதி இங்கிலாந்தை விட்டார்கள். மறுநாள் அலகாபாத்தில் கிளம்பி, நடுவில் எங்கும் இறங்காமல் இரவோடு இரவாகச் சிங்கப்பூர் சேர்வது திட்டம்.

அதே வழியில் பறந்துகொண்டிருந்த ஜிம்மி மெல்ரோஸ் என்ற 22 வயது விமானி, கடலுக்கு மேல் இருட்டில் இன்னொரு விமானத்தின் புகைக்குழாய்த் தீயைப் பார்த்ததாகச் சொன்னார். அவ்வளவுதான். சிங்கப்பூரிலிருந்து பறக்கும் படகுகள் தேடப் போயின. மெல்ரோஸும் தன் பயணத்தை விட்டுவிட்டுத் தேடினார். அந்த இளைஞரை நினைத்தால் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

ஒன்றரை வருடம் கழித்து, 1937 மே மாதம், பர்மாக் கரைக்கு அப்பால் ஆயே தீவருகே மீனவர்கள் ஒரு விமானச் சக்கரக்காலைக் கண்டெடுத்தார்கள். டயரில் காற்று அப்படியே இருந்தது. லாக்ஹீட் கம்பெனி அதைத் தன்னுடையது என்று உறுதி செய்தது. காலில் படிந்திருந்த கடற்பாசியை ஆராய்ந்த தாவர அறிஞர்கள், மிச்ச விமானம் சுமார் 15 பாக ஆழத்தில் கிடக்கும் என்று கணித்தார்கள். ஆயே தீவு காடடர்ந்த குன்று. இருட்டில் அதில் மோதியிருக்கலாம் என்பவர்கள் உண்டு. 2009இல் ஓர் ஆஸ்திரேலியக் குழு விமானத்தைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. அது நிரூபணம் ஆகவில்லை.

2014 மார்ச்சில் 239 பேரோடு எம்எச்370 விமானம் காணாமல் போனபோது, தேடுதல் முதலில் தென்சீனக் கடலிலும் பிறகு இதே அந்தமான் கடலிலும் நடந்தது. அடுத்த ஆண்டு ரியூனியன் தீவில் ஒதுங்கிய இறக்கைத் துண்டில் ஒட்டியிருந்த கொட்டலசுகளை வைத்து, அது எந்த நீரில் மிதந்து வந்தது என்று அறிஞர்கள் கணக்குப் போட்டார்கள். 1937இல் பாசியிடம் கேட்ட கேள்வியே அது.

இதே அந்தமான் கடலை எங்கள் தாத்தா கப்பலின் மேல்தளத்தில் படுத்துக் கடந்தார். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கி, பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்துக்கு வந்தார். ஹென்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை 1917இல் மலாயாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்ட தோட்டம் அது. தாத்தா பால்மரம் வெட்டினார். பேச்சு கப்பல் பக்கம் திரும்பினால் ஒரே ஓர் ஆளைப் பற்றித்தான் சொல்வார். கூட வந்த ஊர்க்காரர். காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் போய்விட்டார். சாக்கில் வைத்துத் தைத்து, கால்மாட்டில் இரும்புத்துண்டு கட்டி, விடியுமுன் கடலில் இறக்கினார்களாம்.

விமானிக்கு நடந்த தேடுதலை நான் குறை சொல்லவில்லை. எத்தனை விமானம் அனுப்பியிருந்தாலும் தகும். ஆனால் தோட்டப்புற வரலாறு எழுதுகிறவர்கள் அந்த ஊர்க்காரரை இறக்கிய கடலையும் நம் வரலாற்றில் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. தோட்டத்துக் கிராணியைக் கொண்டு ஊருக்குக் கடுதாசி போட்டார். எந்த இடத்தில் இறக்கினீர்கள் என்று கேட்டு இறந்தவரின் தாயாரிடமிருந்து பதில் வந்தது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நடுவில் என்று எழுதச் சொன்னார் தாத்தா.