குதிரையைத் தொட்டு ஒரு சத்தியம்

மழைவெள்ளம் அரித்துக் குடைந்த பாதை. ஓரிடத்தில் அது ஒரே ஒரு வண்டி போகும் அளவுக்குக் குறுகிவிடுகிறது. மெனலாவஸ் அந்த இடுக்கை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான். பின்னால் வந்த இளைஞன் அன்டிலோக்கஸ், குதிரைகளைப் பாதைக்கு வெளியே திருப்பி, அவனுக்கு இணையாகக் கொண்டுவந்து நெருக்குகிறான். இங்கே இடமில்லை, அகலமான இடம் வந்ததும் முந்திக்கொள், மோதினால் இருவருமே தொலைந்தோம் என்று மெனலாவஸ் கத்துகிறான். காதில் விழாதவன்போல் அன்டிலோக்கஸ் இன்னும் வேகமாக விரட்டுகிறான். வாலிபன் ஒருவன் வட்டு எறிந்தால் அது எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் இரண்டு வண்டிகளும் உரசுவதுபோல் ஓடுகின்றன. கடைசியில் மெனலாவஸ்தான் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறான். பிடித்துக்கொண்டே பின்னாலிருந்து சொல்கிறான்: சத்தியம் செய்யாமல் இந்தப் பரிசை நீ கொண்டுபோக முடியாது.

ஹோமரின் ‘இலியட்’ காவியத்தின் 23ஆம் காண்டத்தில் வரும் காட்சி இது. பூட்டிய குதிரைகளோடு ஓட்டுகிற பந்தயத்தில் ஒருவன் இன்னொருவனின் வழியைப் பறித்தான் என்ற புகார், அதன் விசாரணை, அதன் முடிவு மூன்றும் முழுமையாகச் சொல்லப்பட்ட ஐரோப்பியப் பதிவுகளில் இதற்கு முந்தையது கிடையாது. ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்குப் பிறகும் அமெரிக்காவின் ஹார்னஸ் (குதிரை வண்டி) பந்தயத் திடல்களில் அதே புகார் எழுகிறது. கேட்கப்படும் கேள்விதான் மாறியிருக்கிறது.

டிராய் போரில் இறந்த நண்பன் பட்ரோக்ளஸுக்காகக் கிரேக்க வீரன் அக்கிலிஸ் நடத்திய ஈமப் பந்தயம் அது. ஐந்து பேர் ஓட்டினார்கள். ஐந்து பேருக்கும் பரிசு உண்டு. முதல் பரிசு, கைவேலை தெரிந்த ஓர் அடிமைப் பெண்ணும் முக்காலிக் கொப்பரையும். இரண்டாவது, இன்னும் பழக்கப்படாத, சினையாக இருந்த ஆறு வயதுப் பெண் குதிரை. மூன்றாவது, நெருப்பில் ஏற்றாத புதுக் கொப்பரை. நான்காவது, இரண்டு தாலந்து தங்கம். ஐந்தாவது, இரு கைப்பிடிக் கலசம். யார் எந்த இடத்தில் நிற்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். தூரத்தில் இரண்டு வெள்ளைக் கற்கள் சாத்திய ஒரு பட்ட மரக்கட்டைதான் திரும்புமுனை. அங்கே நடப்பதைப் பார்த்து உண்மையைச் சொல்வதற்காக, ஃபீனிக்ஸ் என்ற பெரியவரை அக்கிலிஸ் காவல் வைத்தான்.

அன்டிலோக்கஸின் தந்தை நெஸ்டர் வயதானவர், அனுபவசாலி. பந்தயத்துக்கு முன் மகனை அழைத்து அவர் சொன்ன அறிவுரை இன்றைக்கும் குதிரை ஓட்டுபவர்களுக்குப் புரியும். உன் குதிரைகள் மற்றவற்றைவிட மெதுவானவை, ஆகவே வழியைப் பார்த்து ஓட்டு. திரும்புமுனையில் இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கக் குதிரையை விரட்டி, சக்கரக் குடம் கல்லை உரசுகிறதோ என்று தோன்றும் அளவுக்கு ஒட்டி வளை. ஆனால் கல்லைத் தொட்டுவிடாதே. அமெரிக்கத் திடல்களில் இன்றும் இடப்பக்கமாகவே வளைகிறார்கள். உட்புறத்தை ஒட்டி ஓடுபவனுக்குத் தூரம் குறைவு என்பதால் அந்த ஒட்டிய வழிக்காகத்தான் அங்கும் போட்டி.

பந்தயம் முடிந்தது. டயோமிடஸ் முதலில் வந்தான், அன்டிலோக்கஸ் இரண்டாவது. மெனலாவஸ் மூன்றாவது, இருவருக்கும் இடைவெளி, குதிரையின் வாலுக்கும் அது இழுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளிதான். பந்தயம் இன்னும் கொஞ்ச தூரம் நீண்டிருந்தால் மெனலாவஸ் முந்தியிருப்பான் என்று காவியமே சொல்கிறது. அன்டிலோக்கஸ் பெண் குதிரையைக் கொண்டுபோக நின்றபோது, மெனலாவஸ் செங்கோலைக் கையில் வாங்கி எழுந்தான்.

முதலில் அவன் படைத்தலைவர்களைப் பார்த்து, இருவருக்கும் பொதுவாக நின்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்றான். செல்வாக்கால் பொய் சொல்லிப் பரிசைப் பறித்தான் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது என்ற கவலை அவனுக்கு இருந்தது. ஆனால் அடுத்த மூச்சிலேயே மனம் மாறி, தீர்க்கும் வழியை நானே சொல்கிறேன் என்றான். உன் குதிரைகளுக்கும் வண்டிக்கும் முன்னால் நில். ஓட்டிய சாட்டையைக் கையில் பிடி. குதிரைகளைத் தொடு. என் வண்டியை நீ வேண்டுமென்றே சூழ்ச்சியால் தடுக்கவில்லை என்று போசைடன் மீது ஆணையிட்டுச் சொல்.

போசைடன் கடலுக்கும் நிலநடுக்கத்துக்கும் தெய்வம், குதிரைகளுக்கும் தெய்வம். அதைவிட முக்கியமானது, அவர் நெஸ்டரின் தந்தை நெலியஸைப் பெற்றவர். அதாவது அன்டிலோக்கஸுக்குக் கொள்ளுத்தாத்தா. தன் குலத்துக்கு மூலவரான தெய்வத்தின் பெயரில், பந்தயத்தில் ஓடிய அதே குதிரைகளைத் தொட்டுக்கொண்டு, கூடியிருந்த படை முழுவதும் பார்க்க அந்த இளைஞன் பொய் சொல்ல வேண்டும். கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் கேட்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, இந்தக் கோரிக்கை எவ்வளவு கனமானது என்று விளக்கத் தேவையில்லை.

அன்டிலோக்கஸ் சத்தியம் செய்யவில்லை. நான் உன்னைவிடச் சின்னவன், வாலிபத்தில் புத்தி அவசரப்படும் என்பது உனக்குத் தெரியாததல்ல, பொறுத்துக்கொள் என்று சொல்லி, குதிரையைத் தானே நடத்திக் கொண்டுவந்து மெனலாவஸின் கையில் கொடுத்தான்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோ 1973இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரைகளில் இந்தக் காட்சியை எடுத்துக்கொண்டார். உண்மையைச் சொல்வதற்கென்றே நிறுத்தப்பட்ட ஃபீனிக்ஸை யாருமே கூப்பிடவில்லை என்பதை அவர் கவனித்தார். கண்ணால் கண்ட சாட்சியின் சொல் அங்கே தீர்ப்புக்குத் தேவைப்படவில்லை. ஒருவன் மற்றவனிடம் விடுக்கும் சவால்தான் விசாரணை. அதை ஏற்கிறானா, பின்வாங்குகிறானா என்பதில் உண்மை வெளியே வந்துவிடுகிறது. மெனலாவஸின் கேள்வி அன்டிலோக்கஸின் நெஞ்சைப் பற்றியது. என் வண்டி பின்தங்கியதா என்று அவன் கேட்கவில்லை. வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டான். அதற்குப் பதில் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான்.

ஒலிம்பியாவில் நான்கு குதிரைத் தேர்ப்பந்தயம் கி.மு. 680இல் சேர்ந்தபோது நடுவர்கள் வந்துவிட்டார்கள். ஹெலனோடிகாய் என்று பெயர் பெற்ற அவர்களிடமே தீர்ப்பு இருந்தது. சத்தியம் மறைந்துவிடவில்லை, ஆனால் பந்தயத்துக்கு முன்னால் நகர்ந்துவிட்டது. இரு கைகளிலும் இடி ஏந்திய ஜீயஸ் சிலையின் முன், வெட்டிய பன்றி இறைச்சியின் மீது, வீரர்களும் அவர்களுடைய தந்தையரும் சகோதரர்களும் பயிற்சியாளர்களும் ஒலிம்பிக் போட்டிக்குத் தவறு இழைக்க மாட்டோம் என்று ஆணையிட்டதாகப் பயண எழுத்தாளர் பௌசானியஸ் எழுதியிருக்கிறார். ஓடுபாதையில் எல்லாருக்கும் நியாயமான தொடக்கம் கிடைக்க, கப்பலின் முகப்பைப் போன்ற வடிவில் அடைப்புகள் அமைத்து, அவற்றை வரிசைப்படி திறந்துவிடும் ஏற்பாட்டையும் அவர் வர்ணிக்கிறார்.

நடுவர் என்று ஒருவர் வந்தால், அவரை வளைக்கவும் ஆள் வருவார். கி.பி. 67இல் ரோமப் பேரரசன் நீரோ ஒலிம்பியாவில் பத்துக் குதிரை பூட்டிய தேரை ஓட்டினான். தேரிலிருந்து விழுந்தான், மீண்டும் ஏற்றிவிடப்பட்டும் அவனால் ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. ஆனாலும் வெற்றிமாலை அவனுக்கே சூட்டப்பட்டது. நடுவர்களுக்கு அவன் இரண்டரை லட்சம் டிராக்மா வழங்கினான் என்றும், அடுத்து வந்த கால்பா அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டான் என்றும் வரலாற்றாசிரியர் டியோ குறிப்பிடுகிறார். அன்டிலோக்கஸ் ஒரு சத்தியத்துக்கு அஞ்சியதையும் இதையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

இன்றைய ஹார்னஸ் பந்தயம் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. ரேக்ளா வண்டியை நினைவூட்டும் இரு சக்கர சல்கியில் ஓட்டுநர் அமர்ந்திருக்க, ஒற்றைக் குதிரை அதை இழுத்தோடும். நியூயார்க் மாநிலத்தின் கோஷென் ஊரில் 1838 முதல் பந்தயத் திடல் இருக்கிறது. அதே ஆரஞ்ச் கவுண்டியில் 1849இல் பிறந்த ஹேம்பில்டோனியன் என்ற ஆண் குதிரையின் வம்சமே அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட்பிரெட் இனக் குதிரைகள் ஏறக்குறைய எல்லாம்.

இந்தப் பந்தயத்தில் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக் கூடாது. எதிரெதிர் மூலைக் கால்களைச் சேர்த்து வைக்கும் டிராட் நடையிலோ, ஒரே பக்கத்துக் கால்களைச் சேர்த்து வைக்கும் பேஸ் நடையிலோ ஓட வேண்டும். நடை தவறிப் பாய்ச்சலுக்குப் போய்விட்டால், ஓட்டுநர் அதை இழுத்துப் பிடித்துப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும்; அதற்குள் மற்றவர்கள் போய்விடுவார்கள். வழிமறிப்பு இங்கே இவ்வளவு பெரிய குற்றமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சக்கரம் சக்கரத்தில் மாட்டிக்கொண்டால் ஆபத்து. மாட்டாமலே, குறுக்கே வந்த வண்டியைக் கண்டு குதிரை ஒரு கணம் தடுமாறினாலும் பந்தயம் போயிற்று.

அக்காலத்தில் ஒரே நாளில் ஒரு மைல் ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப நடத்தி, ஐந்தில் மூன்றை வென்றவனுக்கே பரிசு கொடுத்தார்கள். தான் ஜெயிக்கப் போவதில்லை என்று தெரிந்தவன், நண்பனுக்காக இன்னொருவனின் வழியை அடைத்துக்கொண்டு ஓட்ட இந்த முறை இடம் கொடுத்தது. ஒரு திடலில் தண்டிக்கப்பட்டவன் அடுத்த ஊர்த் திடலில் போய் ஓட்டினான். மோசடியை ஒழிக்க 1870இல் திடல்கள் ஒன்றுசேர்ந்து தேசியச் சங்கம் அமைத்தன. ஒரு திடலின் தண்டனை மற்றத் திடல்களிலும் செல்லும் என்ற ஏற்பாடு வந்தது. தொடக்கமும் பெரிய தொல்லையாக இருந்தது. குதிரைகள் ஒரே வரிசையில் வரும்வரை நடுவர் மணியடித்துத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார். 1946இல் நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் ரேஸ்வே திடலில், ஸ்டீவன் ஃபிலிப்ஸ் உருவாக்கிய நகரும் கதவு அதற்கு முடிவு கட்டியது. இரு பக்கமும் இறக்கைபோல் விரியும் தடுப்புகளோடு ஒரு கார் முன்னே ஓட, குதிரைகள் அதன் பின்னே வரிசையாக ஓடிவரும். வேகம் கூடியதும் இறக்கைகள் மடங்கி, கார் விலகிப் போய்விடும்.

அமெரிக்க டிராட்டிங் சங்கத்தின் விதிகள் வழிமறிப்பை அங்குல அளவில் பிரித்துப் பேசுகின்றன. இன்னொரு குதிரை தன் காலடியைக் குறுக்கிக்கொள்ளும்படி விலகுவது, முன்னால் சட்டென்று வெட்டுவது, வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போவது, பின்னால் வருபவர் குழம்பும்படி முன்னால் வேகத்தைக் குறைப்பது என ஒவ்வொன்றும் தனித்தனிக் குற்றம். புகார் சொல்லும் முறையும் கண்டிப்பானது. ஓட்டுநர் சல்கியிலிருந்து இறங்கும் முன்பே நடுவருக்குச் சைகை காட்ட வேண்டும். இறங்கியதும் நேராகத் தொலைபேசிக்கோ நடுவர் மேடைக்கோ போக வேண்டும். விசாரணை முடியும்வரை முடிவு அதிகாரபூர்வமானது என்ற அறிவிப்பு எரியாது. பந்தயம் கட்டியவர்கள் சீட்டைக் கையில் பிடித்தபடி காத்திருப்பார்கள்.

அவர்கள் காத்திருப்பதும் சில நேரம் வீணாகும். 1963 நவம்பர் 8 இரவு, அதே ரூஸ்வெல்ட் ரேஸ்வேயில் ஓர் ஓட்டத்தில் எட்டுக் குதிரைகளில் ஆறு விபத்தில் சிக்கின. ஓட்டம் ரத்தாகும் என்று கூட்டம் எதிர்பார்த்தது. ஓடி முடித்த குதிரைகளைக் கொண்டே முடிவு செல்லும் என்று நடுவர்கள் அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் திடலுக்குள் இறங்கி, கையில் கிடைத்ததை உடைத்துத் தீ வைத்தார்கள். விதிப்படி தீர்ப்புச் சரியாக இருந்தும், பார்த்தவர்களின் மனம் அதை ஏற்கவில்லை.

இப்போது ஃபீனிக்ஸின் இடத்தில் கேமராக்கள் நிற்கின்றன. அவற்றைக் கூப்பிடாமல் எந்த விசாரணையும் நடப்பதில்லை. 2017 ஆகஸ்டில் நியூஜெர்சியின் மெடோலாண்ட்ஸ் திடலில், 10 லட்சம் டாலர் பரிசுத்தொகை கொண்ட ஹேம்பில்டோனியன் என்ற பந்தயத்தின் இறுதி ஓட்டத்தில் வாட் தி ஹில் என்ற குதிரை முதலில் கோட்டைக் கடந்தது. கடைசி நேர்ப்பாதையில் அது வெளியே விலகியபோது, கார்டியன் ஏஞ்சல் ஆஸ் என்ற குதிரை நடை தவறியது. நடுவர்கள் படத்தை ஓட்டிப் பார்த்து வாட் தி ஹில்லைப் பின்னுக்குத் தள்ளினார்கள். சுவீடனைச் சேர்ந்த ஓகே ஸ்வான்ஸ்டெட் ஓட்டிய பெர்ஃபெக்ட் ஸ்பிரிட் வென்றதாக அறிவிக்கப்பட்டது. வேண்டுமென்றே செய்தாயா என்று ஓட்டுநரிடம் கேட்டு அந்த இடவரிசை முடிவாகவில்லை. இன்னொரு குதிரையின் ஓட்டம் கெட்டதா என்பதுதான் கேள்வி. ஓட்டுநரின் குற்றத்துக்கான அபராதமும் தடையும் தனிக் கணக்கு. பந்தயம் கட்டிய பல்லாயிரம் பேருக்குப் பதில் சொல்ல வேண்டிய திடலில் இது நியாயமான மாற்றம்தான். ஆனால் இதில் தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிடுகிறது.

டிராய்க் கடற்கரையில் அப்படி முடியவில்லை. இளைஞன் தவற்றை ஒப்புக்கொண்டு குதிரையைக் கொடுத்ததும், மெனலாவஸின் கோபம் இளகிப்போயிற்று. நீ எப்போதும் இப்படிப்பட்டவன் இல்லை, இன்று வாலிபம் புத்தியை மறைத்தது. பெரியவர்களை ஏமாற்றப் பார்க்காதே என்று அவன் புத்தி சொன்னான். நீயும் உன் தந்தையும் உன் சகோதரனும் இந்தப் போரில் எனக்காக எவ்வளவோ பட்டிருக்கிறீர்கள் என்றும் சொன்னான். குதிரை என்னுடையதுதான், ஆனாலும் உனக்கே தருகிறேன், என் மனம் கர்வம் பிடித்ததல்ல என்று இங்கே நிற்பவர்கள் அறியட்டும் என்றான். அன்டிலோக்கஸின் தோழன் நோயமோன் அந்தப் பெண் குதிரையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். மூன்றாம் பரிசான கொப்பரையை மெனலாவஸ் எடுத்துக்கொண்டான். யாரும் எடுக்காமல் மிஞ்சிய ஐந்தாம் பரிசுக் கலசத்தை அக்கிலிஸ் கூட்டத்தின் நடுவே சுமந்துபோய், இனி வண்டி ஓட்ட முடியாத வயதில் இருந்த நெஸ்டரின் கைகளில் வைத்தான்.