போட்டோஷாப்புக்கு முன்பே கட்டம் போட்ட ஊர்

சின்னதாக ஒரு கட்டம் வரைந்து, அதையே திரும்பத் திரும்ப நிரப்பிப் பின்னணி செய்வது 1990-ல் வந்த போட்டோஷாப்பின் வித்தை என்றுதானே நினைக்கிறோம்? காஞ்சிபுரத்துக்கு வந்து பாருங்கள் நண்பர்களே! புடவை உடலில் தெரிந்தும் தெரியாமலும் ஓடும் முத்துக்கட்டமும் அதே வேலைதான்.

பிரான்சில் 1804-ல் ஜக்கார்டு செய்த கருவி பின்னாளில் நம் தறிமேலும் ஏறியது. டிசைனைக் கிராப் தாளில் வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். துளை இருந்தால் இழை மேலே வரும், இல்லாவிட்டால் வராது. ஒன்று, பூஜ்யம்! பாபேஜ் 1830-களில் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு இந்த அட்டையைத்தான் கடன் வாங்கினார்.

இன்று கிராப் தாளின் இடத்தில் கணினித் திரை. வசதிதான். ஆனால் நகலெடுப்பதும் சுலபம். 2005-ல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், கட்டத்தைக் காக்காது. அதே கட்டம் விசைத்தறியில் மலிவாக வரும்போது கைத்தறி நெசவாளியின் கூலியை யார் காப்பது?