கற்கண்டும் கேக்கும்

இந்தியக் கேக்கின் வரலாற்றை, 1883ஆம் ஆண்டு தலச்சேரியில் மாம்பள்ளி பாபு சுட்ட கிறிஸ்துமஸ் கேக்கிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆகவே பட்டர்கிரீம்மீது பதிக்கும் ஃபாண்டன்ட் பூவும் பறவையும் மேலைநாட்டு வரவாகவே எண்ணப்படுகின்றன. ‘ஃபாண்டன்ட்’ என்பது ‘உருகுவது’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். பெயருக்கேற்ப, கிரீமின் ஈரம் ஏறினால் அவ்வுருவங்கள் இளகிவிடும்.

ஆனால் சர்க்கரையில் உருவம் சமைப்பது நமக்குப் புதிதன்று. வட இந்தியாவில் தீபாவளிக்குச் சர்க்கரைப் பாகை மர அச்சில் வார்த்து யானை, குதிரை செய்வர். அவற்றைக் ‘கிலோனா’, அதாவது பொம்மை, என்றே அழைப்பர். ‘கேண்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லும் வடமொழிக் ‘கண்ட’த்திலிருந்து பாரசீகம், அரபு வழியே சென்றதே, நம் கற்கண்டிலும் அச்சொல்லே உறைகிறது.

கேக் அலங்கார வரலாற்றை எழுதுவோர் அடுமனையோடு நின்றுவிடலாகாது. அம்மர அச்சுகளைச் செதுக்கிய கைகளையும் கணக்கிற்கொள்ள வேண்டும்.