இப்னு ஸீனாவின் ஏழாவது நிபந்தனை

ஒரு மருந்தின் குணத்தைச் சோதனையின் வழி அறிய இப்னு ஸீனா (ஹிஜ்ரி 370-428; கி.பி. 980-1037) ‘அல்கானூன் ஃபித்திப்’ நூலின் இரண்டாம் பாகத்தில் ஏழு நிபந்தனைகளை வகுத்தார். முதலாவது, மருந்தின் மீது வெளியிலிருந்து ஏறிய சூடோ குளிர்ச்சியோ இருத்தலாகாது. ஏழாவது, சோதனை மனித உடலிலேயே நிகழ வேண்டும். சிங்கத்திலும் குதிரையிலும் கண்ட பலன் மனிதனுக்குப் பொருந்தாமற் போகலாம்.

இவ்விரு நிபந்தனைகளையும் நினைவூட்டும் ஆய்வு வரலாறு ஒன்று சென்ற நூற்றாண்டில் நிகழ்ந்தது. 1979இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஜான் தாமஸ் குழுவினர், பதற்றம் தணிக்கும் குளோர்டயசெபாக்சைடு மருந்தை எலிகளுக்குக் கொடுத்து, 2450 மெகாஹெர்ட்ஸ் நுண்ணலைகளையும் அவற்றின் மீது பாய்ச்சினர். அலை மட்டும் பாய்ந்தபோது எலிகளின் நடத்தை மாறவில்லை; மருந்தோடு சேர்ந்தபோது மருந்தின் விளைவு மிகுந்தது.

அலை உடலைச் சூடாக்குவதால்தான் இது நேர்கிறதா? 1983இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி லாய் குழுவினர் வெளியிட்ட முடிவுகள் இவ்விளக்கத்தை ஐயத்திற்குரியதாக்கின. சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட் வீதம் 45 நிமிடம் அலைபட்ட எலிகளில், உடலைக் குளிர்விக்கும் அபோமார்பின் மேலும் குளிர்வித்தது. உடற்சூட்டை ஏற்றும் ஆம்ஃபெட்டமினின் வேகமோ குறைந்தது. வெறும் சூடாயின் இவை நேர்மாறாக அன்றோ அமைந்திருக்க வேண்டும்! மூளையில் இயல்பாகச் சுரக்கும் அபின் போன்ற பொருள்களுக்கு இதில் பங்குண்டோ என்ற திசையில் அக்குழுவின் பிற்கால ஆய்வுகள் சென்றன.

இப்னு ஸீனா இவற்றையெல்லாம் முன்னறிந்தார் என்று எழுதுவோர் நம்மிடையே உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் அறிந்தது கேள்வி கேட்கும் முறையை.

தென்பெண்ணைக் கரையில் மணலூர்பேட்டை போன்ற சிற்றூர்களிலும் கைப்பேசிக் கோபுரங்கள் எழுந்துவிட்ட நிலையில், அன்றாடம் மாத்திரை உண்ணும் முதியோருக்கும் இவ்வாறு நேருமோ எனும் அச்சம் இயல்பே. ஏழாவது நிபந்தனை இங்குதான் கைகொடுக்கிறது. 2012 செப்டம்பரில் இந்திய அரசு, 2000 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கோபுர அலைகளுக்குச் சதுர மீட்டருக்கு 1 வாட் என வரம்பிட்டது. சியாட்டில் எலிகள் பெற்றதோ 10 வாட். அன்றியும், ஒரே அலையில் நின்றாலும் எலியின் சிற்றுடல் கிலோ ஒன்றுக்கு ஈர்க்கும் ஆற்றல் மனித உடல் ஈர்ப்பதைப் போலப் பன்மடங்காகும். அந்த எலிகளில் அது கிலோவுக்கு 0.6 வாட்டாக இருந்தது.